கோழிப்பண்ணை விளக்கும் என் மீன் தொட்டியும்

எங்கள் வீட்டில் எனக்கென்று இருப்பது ஒரு மீன் தொட்டி. நகை பீரோவில் இருக்கிறது, பீரோ சாவி மாமியாரிடம் இருக்கிறது. தையல் மெஷின்கூட நாத்தனார் வந்தால் அவருடையதாகிவிடும். ஹால் சுவரோரம் இருக்கும் அந்த முழ நீளத் தொட்டி மட்டும் நான் கேட்டு, நான் வாங்கி, நானே கழுவிக் காப்பாற்றி வருவது. அதற்கு என்ன விளக்குப் போடுவது என்பதையாவது என்னிடம் விட்டிருக்கலாம். விடவில்லை. நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

தொட்டியில் நாலைந்து கப்பி மீன்கள் உண்டு. ஆனால் நான் தொட்டி வைத்தது மீனுக்காக இல்லை, செடிக்காக. கல்வராயன் மலை அடிவாரத்தில் உறவுக்காரர் வீட்டுக் காதுகுத்துக்குப் போயிருந்தபோது, சாப்பிட்ட கையைக் கழுவ ஓடையில் இறங்கினேன். தண்ணீருக்குள் பச்சை ரிப்பன் மாதிரி நீள நீளமான இலைகள் ஓட்டத்தோடு சாய்ந்து அசைந்துகொண்டிருந்தன. ஒரு கொத்தை வேரோடு எடுத்து, தண்ணீர் பாட்டிலை அறுத்து அதில் வைத்து, பஸ்ஸில் மடியை விட்டு இறக்காமல் கொண்டுவந்தேன். அடுத்த தடவை போனபோது அந்த ஓடைக்கு இரண்டு கரையிலும் அடியிலும் சிமெண்டு பூசியிருந்தார்கள். செடி இருந்த சுவடே இல்லை. என்னிடம் இருக்கும் கொத்து செத்தால் மறுபடி போய் எடுத்துவர எனக்கு இடம் கிடையாது.

விளக்கு வாங்கக் கள்ளக்குறிச்சியில் ஒரு மீன் கடைக்குப் போனோம். கேட்டது நான். கடைக்காரர் பதில் சொன்னது எனக்குப் பின்னால் நின்ற என் கணவருக்கு.

"இத்த போடுங்க சார். ரிமோட்ல கலர் மாறும். லேடீஸுக்கு ரொம்பப் புடிக்கும்."

"செடிக்கு ஆவுமாங்க?" என்றேன்.

"மீனு சூப்பரா தெரியும்மா."

நான் கேட்டது செடியைப் பற்றி. அதை அவர் காதில் வாங்கவே இல்லை. என் கணவர் அதையே கட்டச் சொல்லிவிட்டார். வீட்டில் மாட்டியதும் ஹால் கல்யாண மண்டபம் மாதிரி நீலமும் ஊதாவுமாக மாறி மாறி மின்னியது. பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாம் வந்து பார்த்து மெச்சினார்கள். செடி மட்டும் வெளுத்துக்கொண்டே போனது. புதிதாக வந்த இலை நூல் மாதிரி மெலிந்து வந்தது. கண்ணுக்குக் கலர் காட்டுகிற வெளிச்சம் வேறு, செடி தின்கிற வெளிச்சம் வேறு என்பது அந்த இலையைப் பார்த்தாலே தெரிந்தது.

"வெளிச்சம் பத்தலைங்க, கலர்தான் இருக்குது" என்று சொல்லி வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

என் கணவர் சின்னசேலம் ரோட்டில் கறிக்கோழிப் பண்ணை நடத்துகிறார். வெளிச்சத்தைப் பற்றித் தனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்பது அவர் எண்ணம். கோழி ஷெட்டில் ராத்திரியும் விளக்கு எரியும். எரிந்தால்தான் குஞ்சு தூங்காமல் தீனி எடுக்கும், சீக்கிரம் எடை ஏறும். அந்தக் கணக்கை அப்படியே தூக்கிக்கொண்டு என் தொட்டிக்கு வந்தார்.

"குஞ்சு வெளிச்சத்தப் பாத்தா தின்னுக்கினே இருக்கும். வெளிச்சம் ஜாஸ்தியானா வளத்தி ஜாஸ்தி. செடிக்கும் அதே கததான்மே" என்றார்.

ஷெட்டில் கிடந்த பெரிய ஃப்ளட் லைட்டைக் கொண்டுவந்து ஜன்னல் கம்பியில் கட்டி, நேராகத் தொட்டிக்குள் அடிக்கிற மாதிரி வைத்தார். படுக்கப் போகும்போது நான் அணைப்பேன். அவர் எழுந்து வந்து போடுவார். மாமியார் மகன் பக்கம். "அவன் அத்தினி கோழி வளக்கறவன். ஒனக்கு இன்னா தெரியும்?" என்றார். இந்த வீட்டுக் கறிவேப்பிலையில் இருந்து மொட்டைமாடி மல்லிகை வரைக்கும் வளர்த்தது யார் என்று அவரைக் கேட்க நாக்கு துடித்தது. தோசை கல்லில் கருகிக்கொண்டிருந்ததால் கேட்கவில்லை.

கொஞ்ச நாளில் கண்ணாடி முழுக்கப் பச்சைப் பூச்சு ஏறியது. இலை மேல் எல்லாம் முடி முடியாகப் பாசி படிந்தது. காலையில் பார்த்தால் மீன்கள் ஒளிய இடமில்லாமல் மூலையில் முட்டிக்கொண்டு வாயைத் திறந்து திறந்து மூடின. பாசிக்கு அடியில் என் செடி அழுகிக்கொண்டிருந்தது. எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அவர் குனிந்து பார்த்துவிட்டு, "இன்னும் பவர் பத்தல போல" என்றார். அடப்பாவி மனுஷா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அவர் பண்ணைக்குப் போனதும் அந்த ஃப்ளட் லைட்டை அவிழ்த்து வாசலில் வைத்தேன். டவுன் பஸ் ஏறித் தனியாகப் போனேன். இந்தத் தடவை மீன் கடைக்குப் போகவில்லை, எலக்ட்ரிக் கடைக்குப் போனேன். போனில் பார்த்துத் தெரிந்துகொண்டபடி, பெட்டியில் 6500 என்று போட்டிருந்த வெள்ளை எல்.இ.டி. பட்டையைக் கேட்டேன். பகல் வெளிச்சத்துக்குப் பக்கத்தில் வருகிற வெள்ளை அது. அதிலும் இருப்பதிலேயே சின்னதாக எடுத்தேன். என் தொட்டி ஒன்றரைச் சாண் ஆழம். அதன் அடிவரைக்கும் போக எவ்வளவு வெளிச்சம் வேண்டும்? செடி தின்றது போக மிஞ்சுகிற வெளிச்சத்தைப் பாசிதான் தின்கிறது. அந்த ஓடையிலும் புங்கமர நிழல் வழியாகத் திட்டுத் திட்டாகத்தான் வெயில் விழுந்துகொண்டிருந்தது. பொழுது சாய்ந்தால் அதற்கும் இருட்டுதான்.

கூடவே நேரம் வைக்கிற டைமர் ஒன்றும் வாங்கினேன். கலர் விளக்கைக் கழற்றிவிட்டு, புது விளக்கைத் தண்ணீருக்கு ஒரு சாண் மேலே தாங்கல் கொடுத்து வைத்தேன். காலை வேலை முடிந்து நான் தையலுக்கு உட்காரும் நேரத்தில் எரிய ஆரம்பித்து, சாயங்காலம் விளக்கேற்றும் நேரத்தில் தானாக அணையும். ஷெட்டில் ஒரு விளக்கு ஃபியூஸ் ஆகியிருந்ததால், வாசலில் கிடந்த ஃப்ளட் லைட்டை என் கணவர் மறுநாளே அங்கே எடுத்துக்கொண்டு போய்விட்டார். பழைய பல் பிரஷ்ஷால் பாசியைத் தேய்த்து எடுத்தேன். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினேன். கொத்தில் உயிரோடு மிஞ்சியது இரண்டே இலை. அந்த இரண்டு இலைக்கு நடுவிலிருந்து ஒருநாள் அகலமாக, கரும்பச்சையாக ஓர் இலை எட்டிப் பார்த்தது. பிறகு மண்ணுக்கடியில் கொடி ஓடித் தள்ளித் தள்ளிக் குட்டிச் செடிகள் முளைத்தன. எனக்கு வந்த சந்தோஷத்தை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அதிலும் யாராவது கை வைப்பார்கள்.

சொல்லாமலே கை வைத்தார்கள். ஒரு சாயங்காலம் இவரோடு பண்ணை வைத்திருக்கும் சிநேகிதர்கள் இரண்டு பேர் வந்தார்கள். தொட்டியைப் பார்த்து அசந்துபோனார்கள்.

"நம்ம தொட்டிதான். லைட்டு செட்டிங் பூரா நான்தான்" என்றார் என் கணவர். "அத்தினி கோழிய வெளிச்சம் போட்டு வளக்கறவனுக்கு, இந்தச் செடி எம்மாத்திரம்?"

நான் டீ டம்ளர்களோடு நின்றுகொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து டைமர் 'டக்'கென்று தொட்டி விளக்கை அணைத்தது.

"இன்னாமே நின்னுக்கினு இருக்கற? அந்த லைட்டப் போடு, பாக்கட்டும்" என்றார்.

டீத் தட்டை டீப்பாய் மேல் வைத்தேன்.

"போட மாட்டேங்க" என்றேன். "நீங்க ராத்திரி பூரா லைட்டு போட்டு வளக்கறது வெட்டறதுக்கு. இது வாழறதுக்கு வெச்சிருக்கறது."

சிநேகிதர் ஒருவர் டம்ளரைக் குனிந்து எடுத்துக்கொண்டார். என் கணவர் சுவிட்சைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கையை மடியிலேயே வைத்துக்கொண்டார். தொட்டிக்குள் மீன்கள் ஒவ்வொன்றாகச் செடிக்குள் போய் ஒண்டிக்கொண்டிருந்தன.