வார்விக் மறித்த பாதை

டெவன்போர்ட் ஊரில் பராமரிப்பு வேலையாக நான் குளிப்பாட்டப் போன வீடுகளில், எனக்கு வேலை சொல்லிக்கொடுத்தவர் வார்விக் டல்லி ஒருவர்தான். முதுகை மட்டும் நீ தேய், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்பார். ஆட்டு ரோமம் கத்தரிக்கும் கொட்டகைக் கூரையிலிருந்து விழுந்ததில் இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. தனியாகத்தான் இருந்தார். சமைப்பார், பூனையோடு சண்டை போடுவார்.

கழுத்தில் ஓர் அவசரப் பொத்தான் தொங்கும். அழுத்தினால் உதவி மையத்தில் ஆள் பேசுவார்கள். அது ஓடுவது வீட்டு இணைய இணைப்பில். அந்தப் பள்ளத்தில் கைபேசிக்குச் சிக்னல் கிடையாது. பொத்தான் வேலை செய்யும்வரைதான் தனி வீடு என்று தங்கை க்ளெனிஸ் கறாராகச் சொல்லியிருந்தாள்.

பக்கத்து மனையில் வீடு கட்டிய ரஸ்ஸல், இரு வீட்டுக்கும் பொதுவான வண்டிப்பாதையைக் கான்கிரீட் போடத் தோண்டினான். மண்ணுக்குள் பழைய டெலிபோன் வயர் அகப்பட்டது. இதையெல்லாம் இப்போது யார் வைத்திருக்கிறார்கள் என்று வெட்டி வீசிவிட்டான். எங்கள் தெரு வீடுகளுக்கு இணையம் வருவதே அப்படிப்பட்ட பழைய செம்புக் கம்பியில்தான். அவன் வெட்டியது வார்விக் வீட்டுக்குப் போனது; பொத்தானும் செத்தது.

இணைய நிறுவனம், கட்டுகிறவரைக் கேளுங்கள் என்றது. ரஸ்ஸல், நிறுவனத்தைக் கேள் என்றான். அதே தெருவிலிருந்த என் வீட்டுப் போனில் வார்விக் விடாமல் கத்தியதில், வெள்ளிக்கிழமை ஆள் அனுப்புவதாக ஒப்புக்கொண்டார்கள். ஆனால் அதற்குள் பாதையில் கான்கிரீட் போட்டுவிட்டால் உடைக்க மாட்டார்களாம், மாதக்கணக்கில் ஆகுமாம். சனிக்கிழமை வருகிறேன், பெட்டியைக் கட்டி வை, பராமரிப்பு இல்லத்தில் இடம் பார்த்துவிட்டேன் என்றாள் க்ளெனிஸ்.

வியாழக்கிழமை காலை கான்கிரீட் லாரி வந்தது. பாதையின் நுழைவில் வார்விக் சக்கர நாற்காலியில் பிரேக் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"தள்ளிக்கோ மேட்," என்றான் ரஸ்ஸல். "லாரியில இருக்கறது இறுகிடும்."

"இறுகட்டும். நான் இறுகி இருபது வருஷமாச்சு."

"நெட் இல்லேன்னா செத்தா போயிடுவே?"

"ஆமா. குளியலறையில விழுந்தா, ஆமா."

ரஸ்ஸல் என்னைப் பார்த்தான். நாற்காலியைத் தள்ளுவது என் வேலைதானே என்றான். அவர் சொன்னால் தள்ளுவேன் என்றேன். வார்விக் பிரேக்கை இன்னொரு தடவை அழுத்திப் பார்த்துக்கொண்டார்.

லாரிக்காரன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, இங்கே கொட்டவா, திரும்பிப் போகவா, எனக்கு இரண்டும் ஒன்றுதான் என்றான். லாரியின் கலவை உருளை சுற்றிக்கொண்டே இருந்தது. ரஸ்ஸல் கெட்ட வார்த்தையில் கொஞ்ச நேரம் பேசினான். பிறகு ஆட்களைக் கூப்பிட்டு, பாதைக்குக் குறுக்கே ஒரு பிளாஸ்டிக் குழாயைப் புதைக்கச் சொன்னான். நாளைக்கு வயரை இழுக்க உள்ளே கயிறும் விடச் சொன்னார் வார்விக். விட்டார்கள். கயிற்றின் முனையைத் தானே இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் பிரேக்கை எடுத்தார்.

வெள்ளிக்கிழமை ஆள் வந்து புது வயரை இழுத்து இணைத்தான்.

சனிக்கிழமை க்ளெனிஸ் காலிப் பெட்டியோடு வந்தாள். ஒரு தடவை சரியாகிவிட்டது, அடுத்த தடவை என்ன செய்வாய் என்று நின்றவாக்கிலேயே ஆரம்பித்தாள். வார்விக் பொத்தானை அழுத்தினார். விழுந்துவிட்டீர்களா என்று ஒரு பெண்குரல் கேட்டது.

"இல்லம்மா, நல்லாத்தான் இருக்கேன்," என்றார். "என் தங்கச்சிதான் பெட்டியோட வந்து நிக்கிறா. நான் எங்கயும் வரலைன்னு நீயாவது அவகிட்ட சொல்லு."