துடிக்கும் கட்டியைக் கீறாதீர்கள்

மீனாவுக்கு நான்கு வயதில் வலது பாதத்தின் மேற்புறம் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு வீக்கம் வந்தது. எழுபதுகளின் கடைசி, நான் தாலுகா அலுவலகத்தில் தலைமை எழுத்தர். முந்தைய வாரம்தான் அவள் தாயுடன் போடிமெட்டுக்கு மேலே எங்கள் ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போய்வந்திருந்தாள். எங்கள் பக்கம் தோட்டத்துக்குப் போய்வந்த காலில் எது வீங்கினாலும் அட்டைக்கடிதான். புகையிலையும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசினோம். வீக்கம் பெரிதானது.

அடுத்த படி, கீறுவது. எந்தக் காரியத்துக்கும் அடுத்த படி எனக்குத் தெரியும், தெரியாவிட்டாலும் தெரியும். போடியில் ஒரு கம்பவுண்டரிடம் தூக்கிப்போனேன். அவர் விரலை வைத்துப் பார்த்தார்.

"விண்ணு விண்ணுன்னு தெறிக்குது சார். நல்லாப் பழுத்திருக்கு. காலை அமுக்கிப் பிடிங்க, வெரசா முடிச்சிருவோம்."

பிடித்தேன். கத்தி கொதிநீரிலிருந்து வெளியே வந்துவிட்டது.

என் மனைவி ராசாத்தி குனிந்து மகளிடம் கேட்டாள்: "ஆத்தா, வலிக்குதா?"

"இல்லம்மா. கூசுது."

"என்னங்க, பழுத்த கட்டின்னா தொட விடுவாளா? காலை விடுங்க."

"உனக்கு என்ன தெரியும்?"

"வலிக்கலேங்கிறது தெரியும். பிள்ளையைக் கொண்டாங்க."

மதுரையில் அறுவை மருத்துவர் பாதத்தின்மேல் ஸ்டெதஸ்கோப்பை வைத்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அதை என் காதில் மாட்டினார். ரத்தம் உரசிக்கொண்டு ஓடும் சத்தம். சிரிப்பு நின்றது. தமனியில் (இதயத்திலிருந்து ரத்தம் கொண்டுபோகும் குழாயில்) அன்யூரிசம் (குழாய்ச் சுவர் ஓரிடத்தில் தளர்ந்து உப்புவது). குழந்தைகளின் பாதத்தில் மிக அரிது என்றார்.

"கீறியிருந்தா?"

"ரத்தத்தை நிறுத்துறதே பெரும்பாடு. யார் தடுத்தது?"

"அவ அம்மா," என்றேன்.

விட்டுவைத்தால் உப்பலுக்குள் உறையும் ரத்தம் துணுக்குகளாகப் போய் விரல்களின் குழாய்களை அடைக்கும். எடுத்தால், பாதத்துக்கு ரத்தம் வரும் வழிகளில் ஒன்று போய்விடும். அதனால் அவர் முதலில் உப்பலுக்கு மேலே தமனியை அழுத்திப் பார்த்தார். விரல்கள் வெளுக்கவில்லை, கணுக்காலின் உட்புறத் தமனி தாங்கும். தாங்காத பிள்ளைகளுக்குக் காலிலிருந்தே ஒரு சிரையை (ரத்தம் திரும்பும் குழாயை) எடுத்து ஒட்டுப்போடுவார்களாம். மீனாவுக்கு உப்பலை அகற்றித் தமனியின் இரு முனைகளையும் கட்டினார்கள்.

அதன்பின் விரலுக்கு ரத்தம் வருகிறதா என்று பார்க்க, கால் நகத்தை அழுத்திப் பிடித்து விரலை எடுக்க வேண்டும். வெளுத்த இடம் உடனே சிவக்க வேண்டும். மணிக்கொரு முறை பார்க்கச் சொன்னார்கள். நான் ஐந்து நிமிடத்துக்கொரு முறை பார்த்தேன். ஒரு நொடிக்குள் எவ்வளவு இடம் இருக்கிறது என்று அலுவலகக் கடிகாரம் எனக்குக் காட்டியதே இல்லை.

மூன்றாம் நாள் அவள் சொன்னாள்: "அப்பா, விரலை விடுங்க. அது எங்கயும் போகாது."

எண்பதுகளின் நடுவில், கோ-கோ ஆடிக் கால் பிசகியவளைப் போடியில் ஓர் இளம் மருத்துவரிடம் கூட்டிப்போனேன். பாதத்தின் மேற்புறம் நாடி தேடினார். மீண்டும் தேடினார். முகம் மாறியது. எல்லாவற்றையும் முறைப்படி விளக்க நான் எழுந்தேன்.

"அங்க இருக்காது டாக்டர்," என்றாள் மீனா, கணுக்காலின் உட்புறத்தைத் திருப்பிக் காட்டி. "எனக்கு இங்கதான் ஓடும்."

எழுந்தவன் உட்கார்ந்துகொண்டேன்.