பண்ணவாடிக் கரையில் வரைந்த மூன்று படங்கள்

தினமும் பத்துப் படம் என்று பத்து மாதமாக எனக்கு ஒரு வைராக்கியம். படத்துக்கு இரண்டே நிமிடம், ரப்பர் கிடையாது. கை பழகும், பெரிய ஓவியங்களுக்கு யோசனையும் சேரும். சேலத்தில் எங்கள் தெரு நாயைக்கூட விட்டுவைக்காமல் வரைந்தாகிவிட்டது. அதனால் போன ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மேட்டூர் நீர்த்தேக்கத்துக்குக் கிளம்பினேன். தண்ணீர் வற்றும் காலத்தில் பண்ணவாடியில் மூழ்கிக் கிடக்கும் பழைய நந்தி சிலை வெளியே தெரியும்.

அதிகாலை 4.30-க்குப் பஸ். மேட்டூர் ஐம்பது கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம், 45 ரூபாய். அங்கிருந்து கொளத்தூர் வழியாக இன்னொரு பஸ், 20 ரூபாய். 7.15-க்குக் கரையில் இருந்தேன். பரிசல்காரர் செங்கோடன் மேட்டுக்குப் பின்னால் தன் குடிசையில் வலை தைத்துக்கொண்டிருந்தார். "நந்திகிட்ட போக அம்பது ரூபாய்ங்க. கொஞ்சம் வெயில் ஏறட்டும், போலாமுங்க" என்றார்.

காத்திருக்கும் நேரத்தில் வரையலாம் என்று கரைக்குத் திரும்பினேன். 7.30-க்கு முதல் படம்: நந்தி, அதற்கு அப்பால் முந்நூறு மீட்டரில் ஒரு மண் திட்டு, அதில் ஆடு மேய்க்கும் ஒரு பெண், கரையிலிருந்து திட்டுக்குப் போகும் சேற்று வழி. 8 மணிக்கு அதே காட்சியை மறுபடி வரைந்தேன். வழி மெலிந்து வந்தது. என் கை லட்சணம் அப்படி என்று நினைத்துக்கொண்டேன்.

8.30-க்கு மூன்றாவது. ஆடுகள் மேயவில்லை. ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு எல்லாம் என் பக்கமே பார்த்து நின்றன. காற்று என்னிடமிருந்து அந்தப் பக்கம் வீசியதால் ஒரு சத்தமும் வரவில்லை. பயமாகவும் இருந்தது, வரைய ஆசையாகவும் இருந்தது. முடித்துப் பார்த்தால் வழியே விழவில்லை. கையைத் திட்டிக்கொண்டு, முதல் படத்தைப் பார்த்து வழியைச் சேர்த்துவிட்டேன்.

குடிசைக்குத் திரும்பியதும் செங்கோடன் டீ கொடுத்துவிட்டு நோட்டைப் புரட்டினார். மூன்றாவது படத்தில் நிறுத்தினார்.

"இது எங்கூட்டுக்காரி சரசுங்க. எதுக்குங்க கையத் தூக்கிட்டு நிக்கறா?"

"அப்படித்தான் நின்னாங்க. பார்க்க நல்லா இருந்துச்சு, போட்டுட்டேன்."

"மேக்க அணையில தண்ணி தொறந்துட்டாங்கன்னு பேசிக்கிட்டாங்க, அதான் கேட்டனுங்க. வழிதான் இருக்குதே, வந்துருவா." மறுபடி ஊசியை எடுத்தார்.

டீயைக் கீழே வைத்தேன். அந்த வழி நான் கண்ணால் பார்த்து வரைந்ததல்ல என்று சொன்னேன். ஊசியைப் போட்டுவிட்டு ஓடினார்.

கரையில் கவிழ்த்து வைத்திருந்த பரிசலைத் தண்ணீர் தொட்டுவிட்டிருந்தது. அலையும் இல்லை, இரைச்சலும் இல்லை. நந்தியின் பீடத்தைக் காணவில்லை. திட்டு ஒரு களத்து மேட்டளவுக்குச் சுருங்கியிருந்தது. செங்கோடன் இரண்டு தடவை போய்வந்தார். ஆடுகளை முதலில் அனுப்பிவிட்டு, இரண்டாவது நடையில்தான் சரசு வந்தார். இடுப்பு வரை நனைந்திருந்தது. இரண்டு குட்டிகள் வரவில்லை.

"ஏனுங்க, நீங்க என்னையத்தானுங்களே பாத்துட்டு இருந்தீங்க? அத்தன வாட்டி கையாட்டுனனே, தெரியலீங்களா?"

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அவர் கையாட்டியது எனக்குத் தெரிந்தது. பத்து மாதத்தில் நான் வரைந்த கைகளிலேயே அதுதான் சரியாக வந்த கை.

பண்ணவாடி போகிறவர்கள் அணை நிலவரத்தை விசாரித்துவிட்டுப் போங்கள். சாப்பாடு கையோடு எடுத்துப்போங்கள். பகல் ஒரு மணிக்கு மேல் பஸ் குறைவு. கண் பார்த்ததைக் கை வரைந்திருந்தால் அதைத் திருத்தாதீர்கள். எதிரே ஒருவர் கை தூக்கி நின்றால், பென்சிலைக் கீழே வைத்துவிட்டு என்ன வேண்டும் என்று கேளுங்கள். அன்றைக்கு எனக்கு அது தோன்றவே இல்லை.