பிள்ளையைத் தூக்க ஓர் ஆள்

வயிற்றில் பாதிக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டார்கள் என்பதை எனக்கு யாரும் நேராகச் சொல்லவில்லை. பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் என் வீட்டுக்காரரிடம்தான் சொன்னார். அவர் என்னிடம் வந்து, புண் இருந்த இடத்தை மட்டும் கொஞ்சம் எடுத்திருக்கிறார்கள் என்றார். பக்கத்துக் கட்டிலில் இருந்தவளுக்கும் அதே ஆபரேஷன். இனிமேல் நம் இரண்டு பேருக்கும் ஒரு வேளைக்கு ஒரு கைப்பிடிதான் என்று அவள் சொல்லித்தான் எனக்கு விஷயம் தெரிந்தது.

அது எழுபதுகளின் தொடக்கம். ஆரம்பாக்கத்தில் ஸ்டேஷனுக்குப் பின்னால் இரண்டு அறை ஓட்டு வீடொன்றில் வாடகைக்கு இருந்தோம். எங்கள் இரண்டு குடும்பத்திலும் எல்லோரும் கழனி வேலைக்குப் போனவர்கள். கம்பெனி வேலைக்கு என்று முதலில் ரயிலேறியவர் என் வீட்டுக்காரர்தான். எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. மகளுக்கு ஒன்றரை வயது. நடக்கத் தெரியும், ஆனால் நடக்க மாட்டாள். இடுப்பை விட்டு இறங்காத பிள்ளை.

ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும்போது டாக்டர் சொன்னதெல்லாம் சுருக்கமாக இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை சாப்பிட வேண்டும். சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக் கூடாது. குடம், வாளி, அம்மிக்கல் எதையும் தொடக் கூடாது.

"பிள்ளையை?" என்று கேட்டேன்.

"பிள்ளைக்கு மட்டும் கனமில்லையா?" என்றார்.

வீட்டுக்கு வந்த அன்று மகள் என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு வந்தாள். அவள் அப்பா குறுக்கே புகுந்து அவளைத் தூக்கிக்கொண்டார். அவர் தோளுக்கு மேலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டே அழுதாள். தையல், ஆபரேஷன் எல்லாம் அவளுக்குத் தெரியுமா? அம்மா கை நீட்டவில்லை என்பது தெரிந்தது.

முதலில் உதவிக்கு வந்தது என் நாத்தனார். சூலூர்ப்பேட்டைப் பக்கம் வாழ்க்கைப்பட்டவள். பாதி தமிழும் பாதி தெலுங்குமாகப் பேசுவாள், மனசு கெட்டவள் இல்லை. ஆனால் கழனிக்குப் போய் வருகிறவர்களுக்குப் பொங்கிப் பழகிய கை அது. தட்டு நிறையச் சோறு வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்துகொள்வாள். நான்கு வாய்க்கு மேல் போனால் எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்து வியர்க்கும். நெஞ்சு அடித்துக்கொள்ளும். சுவரைப் பிடித்தபடி போய்ப் படுத்தால்தான் உலகம் நிற்கும். அவள் அதைத் தன் சமையலின் மேல் எனக்குள்ள வெறுப்பு என்று எடுத்துக்கொண்டாள். நடவு தொடங்கியதும் அவள் ஊரிலிருந்து ஆள் வந்தது. அழுதுகொண்டேதான் போனாள்.

அதற்குப் பிறகுதான் ஆள் தேடினோம். ரைஸ் மில்லில் நெல் காயவைக்கும் பெண் ஒருத்தி வருவதாகச் சொன்னாள். வரவில்லை. தெருக்கோடியில் ஒருத்தி, பிறகு அவள் ஓரகத்தி. எல்லோரும் சரி என்றார்கள், ஒருவரும் வாசலை மிதிக்கவில்லை. ஏன் என்று என் வீட்டுக்காரருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. ஆபரேஷனுக்கு முன்னால் ஒருநாள் பொதுக் கிணற்றடியில், இருந்த பெண்கள் அத்தனை பேர் முன்னாலும் ரத்தமாக வாந்தி எடுத்தேன். வருஷக்கணக்காக வயிற்றெரிச்சலுக்கு ஆப்ப சோடாவைக் கரைத்துக் குடித்துக்கொண்டிருந்தவள் என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? ரத்தம் கக்கினால் டி.பி. என்பதுதான் ஊருக்குத் தெரிந்த வைத்தியம். ஆஸ்பத்திரியிலிருந்து எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்ததும் சந்தேகமே இல்லாமல் போய்விட்டது. நான் வாசலில் உட்கார்ந்திருந்தால் எதிர்ச் சாரியில் ஒதுங்கிப் போனார்கள்.

என் வீட்டுக்காரர் ஷிப்டுக்குப் போகுமுன் தண்ணீர் இறைத்துத் தொட்டியை நிரப்பிவிட்டு, கஞ்சி காய்ச்சி வைப்பார். பிள்ளையை என்ன செய்வது? கிணறு கிட்டத்தில் இருந்தது. ஓடினால் என்னால் பிடிக்க முடியாது. பழைய புடவையைக் கிழித்துப் பிள்ளையின் இடுப்பில் கட்டி, மறுமுனையைக் கட்டில் காலில் முடிந்துவிட்டுப் போவார். முடிச்சுப் போடும்போது என்னைப் பார்க்க மாட்டார். அவர் போன பிறகு அவள் புடவை எட்டும் தூரம் வரை போய் நின்று என்னைப் பார்ப்பாள். நான் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அவளோடு பேசிக்கொண்டிருப்பேன். இப்படி எத்தனை நாள் ஓட்டினோம் என்று இப்போது கணக்கில்லை.

அப்போதுதான் அவள் வந்தாள். கிழக்கே ஏரிக்கரைக் குப்பத்துக்காரி. புருஷன் ஏரியில் மூழ்கிப் போய்விட்டான், பிள்ளை குட்டி கிடையாது. ஸ்டேஷனில் கருவாட்டுக் கூடையோடு உட்கார்ந்திருப்பாள். என் வீட்டுக்காரருக்குப் பார்த்த முகம். ஒரு சாயங்காலம் கூடை இல்லாமல் வெறுமனே உட்கார்ந்திருந்தவள், அவரைக் கூப்பிட்டு, வீட்டில் ஆள் தேடுகிறாயாமே என்று கேட்டிருக்கிறாள். இவர் ஒளிக்காமல், ஊரில் டி.பி. என்று சொல்கிறார்கள், ஆனால் அது இல்லை, வயிற்று ஆபரேஷன் என்று சொல்லியிருக்கிறார்.

"எதுவா இருந்தா இன்னா? எனுக்கு பயம் இல்ல" என்றாளாம்.

மறுநாள் காலை ஒரு துணி மூட்டையோடு வந்து நின்றாள். நல்ல உயரம். தோள் எலும்பு ரவிக்கைக்கு மேலே துருத்திக்கொண்டிருந்தது. குரல் கம்மியிருந்தது. வந்தவள் முதல் வேலையாகக் கட்டில் காலில் இருந்த முடிச்சை அவிழ்த்துப் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டேன்.

டாக்டர் சொன்னதை என் நாத்தனார் நம்பவில்லை. நானே பாதியை மறந்திருந்தேன். குப்பத்துக்காரியோ ஒருமுறை கேட்டு அப்படியே செய்தாள். சோற்றைக் குழைய வேகவிட்டுக் கையால் மசிப்பாள். ஏரி மீனில் காரமில்லாமல் தண்ணியாக ஒரு குழம்பு வைப்பாள். அரைக் கரண்டி வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். என் கண் கொஞ்சம் செருகினாலும் தட்டை எடுத்துவிடுவாள். வியர்த்துக் கொட்டினால் முதுகில் கையை வைத்தபடி உட்கார்ந்திருப்பாள். மெதுவாக என் உடம்பு சோற்றை ஏற்றுக்கொள்ள ஆரம்பித்தது.

மகள் அவளைப் பெரியம்மா என்று கூப்பிடப் பழகி, வாய் திரும்பாமல் 'பெய்மா' என்றாள். அவள் இடுப்பிலேயே தூங்கினாள். எனக்கு அது நிம்மதியாகவும் இருந்தது, உள்ளே ஏதோ அறுப்பதாகவும் இருந்தது. ஆனால் அவள் பிள்ளையின் முகத்தை எப்போதும் வெளிப்பக்கம் திருப்பித்தான் வைத்திருந்தாள். கொஞ்சமாட்டாள், ஒரு முத்தம் கொடுத்து நான் பார்த்ததில்லை. எங்கள் தட்டிலும் டம்ளரிலும் சாப்பிட மாட்டாள், மூட்டையில் தனக்கென்று கொண்டுவந்திருந்தாள். கேட்டால், கருவாட்டு வாசனை ஒட்டிக்கொள்ளும் என்று சிரிப்பாள். படுக்கை தாழ்வாரத்தில் கோணியின் மேல். முத்தத்தைப் பெற்றவளுக்கென்று விட்டு வைத்திருக்கிறாள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

இருமல் இருந்தது. அடுப்புப் புகை என்பாள். இருமல் வந்தால் வாயைப் புடவையால் பொத்திக்கொண்டு கொல்லைக்குப் போய்விடுவாள்.

மறுபடி டாக்டரைப் பார்க்கும் நாள் வந்தது. வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்கவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவள்தான் கூட வந்தாள். பாசஞ்சர் வண்டியில் ஜன்னல் ஓரமாகப் பிள்ளைக்கு மாடு, கொக்கு எல்லாம் காட்டிக்கொண்டு வந்தாள். ஆஸ்பத்திரியில் டாக்டர் என் தையலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பரவாயில்லை, தேறிவிட்டாய் என்றார். அப்போது கதவுக்கு வெளியே அவள் இருமினாள். நிற்காமல் இருமினாள். டாக்டர் என் வயிற்றிலிருந்து கையை எடுத்துவிட்டு, அது யார் என்று கேட்டார்.

உள்ளே கூப்பிட்டதற்கு அவள் வாசற்படியிலேயே நின்றாள். நர்ஸ் பிள்ளையை வாங்கிக்கொண்ட பிறகுதான் வந்தாள். டாக்டர் முதுகில் குழாயை வைத்துக் கேட்டார். எக்ஸ்ரே எடுத்து வரச் சொன்னார். ஈரம் காயாத படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து அவர் பார்த்தபோது, அவள் படத்தைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கு இது முன்னாடியே தெரியுமா?" என்றார்.

"தெரியுங்க."

டாக்டர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வயிற்றில் ஆபரேஷன் ஆனவர்களுக்கு இந்த நோய் சீக்கிரம் ஒட்டும், பிள்ளைக்கு இன்னும் சீக்கிரம் ஒட்டும் என்று மெதுவாகச் சொன்னார். தாம்பரம் பக்கத்து டி.பி. ஆஸ்பத்திரிக்கு அவளை அனுப்பச் சொல்லி ஒரு சீட்டு எழுதி என் கையில் கொடுத்தார்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். பிள்ளை எனக்கும் அவளுக்கும் நடுவில்.

"தெரிஞ்சுக்கினேவா எம் புள்ளையத் தூக்கின?" என்று கேட்டேன்.

அவள் புடவைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டாள். பிறகு, "மூஞ்சிய அந்தாண்ட திருப்பிதாம்மா தூக்கினேன்" என்றாள்.

ஒருமுறை ஊசிக்கென்று போய்வந்திருக்கிறாள். ஊரிலிருந்து அவ்வளவு தூரம் போய்வர ஆகவில்லை, விட்டுவிட்டாள். புருஷனின் தம்பி வீட்டில்தான் இருந்தாள். இருமல் தெரிந்ததும் அவர்கள் வெளியே போகச் சொல்லிவிட்டார்கள். கூடை தூக்க மூச்சு இல்லை. இதையெல்லாம் யாருக்கோ நடந்தது போலச் சொன்னாள். கடைசியாகச் சொன்னதுதான் இன்றும் என் காதில் இருக்கிறது.

"ஒன் ஊட்டுக்கு யாரும் வர மாட்டேன்னாங்க. என்னிய எந்த ஊட்லயும் சேக்கல. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு சரியா கீதுன்னு நெனச்சிக்கினு வந்தேன்."

எனக்கு வந்த கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. டி.பி. என்று என்னை ஒதுக்கிய ஊரை நான் எவ்வளவு திட்டியிருப்பேன். இப்போது என் உடம்பே பெஞ்சின் அந்த ஓரத்துக்கு நகர்ந்து உட்கார்ந்திருந்தது.

வண்டிக்கு நேரமாயிற்று. எழுந்தோம். பிள்ளை வழக்கம்போல அவளிடம் கையை நீட்டினாள். அவள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். பிள்ளை முதலில் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாள். பிறகு அழ ஆரம்பித்தாள். வேறு வழியில்லை, நான் குனிந்து தூக்கினேன். ஆபரேஷனுக்குப் பிறகு முதல் முறையாக என் பிள்ளையைத் தூக்கியது அப்போதுதான். அடிவயிற்றில் ஏதோ சுரீரென்று இழுத்தது. பிள்ளை என் மேல் சாயாமல், தோளுக்குப் பின்னால் கையை நீட்டி, பெய்மா, பெய்மா என்று அலறினாள். அவள் எங்கள் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் தள்ளி நடந்து வந்தாள். வண்டியில் பெட்டியின் மறுகோடியில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

மறுநாள் என் வீட்டுக்காரர் அவளை அழைத்துக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வந்தார். அவள் முரண்டு எதுவும் பிடிக்கவில்லை. கிளம்பும்போது பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் எட்டிப் பார்க்கவும் இல்லை.

பிள்ளைக்குக் கையில் ஊசி குத்திச் சோதித்தார்கள். குத்திய இடம் தடித்துச் சிவந்தது. பிரைமரி காம்ப்ளெக்ஸ் என்றார்கள். தினம் ஊசி. கும்மிடிப்பூண்டி ஆஸ்பத்திரிக்கு நான்தான் தூக்கிக்கொண்டு போய்வந்தேன். ஷிப்டுக்குப் போகிற மனுஷன் எத்தனை நாள் லீவு போடுவார்? இப்போது ஊர் சொன்னதும் பொய்யில்லை, எங்கள் வீட்டுக்குள் உண்மையாகவே அந்த நோய் வந்திருந்தது. கம்பவுண்டரைத் தூரத்தில் பார்த்தாலே பிள்ளை என் கழுத்தை நெரிக்கிற மாதிரி கட்டிக்கொள்வாள். ஒரு கையில் அவளும் மறு கை தையலின் மேலுமாக ஸ்டேஷனிலிருந்து நடப்பேன். சில மாதங்களில் தையல் ஓரமாக ஒரு புடைப்பு வந்தது. அது இன்றைக்கும் இருக்கிறது. இருமினால் கையால் அழுத்திக்கொள்ள வேண்டும்.

பிள்ளை தேறினாள். கன்னம் ஒட்டிப் போய், பிறகு மெல்ல நிறைந்தது.

வாரவிடுமுறையில் என் வீட்டுக்காரர் எப்போதாவது தாம்பரம் போய் அவளைப் பார்த்துவிட்டு வருவார். நான் போகவில்லை, டாக்டர் கூடாதென்றார், எனக்கும் பயம். ஒருமுறை அவள், பிள்ளைக்கு ஒன்றும் இல்லையே, ஊசி கீசி போடவில்லையே என்று இவரைக் கேட்டிருக்கிறாள். இவர், ஒன்றும் இல்லை, சோதித்துப் பார்த்தார்கள், சுத்தமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார்.

"நல்லா திருப்பித்தான் வெச்சிக்கினு இருந்தேன்" என்று அவள் பக்கத்துக் கட்டில்காரியிடம் சொன்னாளாம். அன்று நன்றாகச் சிரித்துப் பேசினாளாம். இவர் வந்து இதைச் சொன்னபோது நான் தப்பென்றும் சொல்லவில்லை, சரியென்றும் சொல்லவில்லை.

மழைக்காலம் முடிந்து அவர் போனபோது அந்தக் கட்டிலில் வேறு யாரோ இருந்தார்கள். போன வாரமே முடிந்துவிட்டது, தேடி யாரும் வரவில்லை, ஆஸ்பத்திரியிலேயே அடக்கம் செய்துவிட்டோம் என்றார்களாம். அவர் நேரே குப்பத்துக்குப் போனார். அவள் புருஷனின் தம்பி கரையில் வலையைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தான். விஷயத்தைக் கேட்டுக் கொஞ்ச நேரம் கையை நிறுத்தினான். நாங்கள் ஏதாவது வந்து செய்ய வேண்டுமா என்று கேட்டான். வேண்டாம், எல்லாம் ஆகிவிட்டது என்று இவர் சொன்னதும் மறுபடி வலையை எடுத்துக்கொண்டான்.

"அவன் மேலயும் தப்பு இல்லம்மே. ஊட்ல நாலு சின்னப் புள்ளைங்க" என்றார் என்னிடம்.

குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அவருக்கும் பிள்ளைக்கும் சோறு போட்டேன். நானும் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டேன்.