நான் பாலீஷ் போட்ட கிடார்

என் மரக்கடைச் சுவரில், நான் உட்காரும் நாற்காலிக்கு நேர் மேலே, ஓர் ஆணி இருக்கிறது. சுவர் முழுக்க மரத்தூள் படிந்து பழுப்பேறிவிட்டது. அந்த ஆணிக்குக் கீழே மட்டும் சுண்ணாம்பு வெள்ளையாக நிற்கிறது. மேலே சிறுத்து, இடுப்பு ஒடுங்கி, கீழே அகன்ற வடிவம். இருபத்தைந்து வருடத்துக்கும் மேலாக அங்கே ஒரு கிடார் தொங்கியது. இப்போது இல்லை. ஏன் இல்லை என்பதை நானே சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் சொன்னால் கூட்டிக் குறைத்துச் சொல்வார்கள்.

நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். குரும்பலூரில் கட்டை சுமந்து தொடங்கி, பெரம்பலூரில் அறுவை மில்லும் கடையும் வைத்தவன். என் கட்டில் போகாமல் இந்தப் பக்கத்தில் நடந்த பெரிய கல்யாணம் எது என்று யாராவது சொல்லட்டும், பார்க்கிறேன். கண்ணைக் கட்டிவிட்டுக் கையில் ஒரு சீவலைக் கொடுத்தால் போதும்; தேக்கா, வாகையா, வேங்கையா என்று முகர்ந்தே சொல்வேன். படித்த இன்ஜினியர்கள் என்னிடம் வந்து பந்தயம் கட்டித் தோற்றிருக்கிறார்கள்.

அரியலூர் சிமெண்ட் ஆலை ஒன்றில் வேலை பார்த்த ஃபிட்டர் எனக்கு அப்படிப் பந்தயம் கட்டித்தான் பழக்கமானார். வாரம் ஆறு நாள் கையில் ஸ்பானர், ஏழாம் நாள் கச்சேரியில் கிடார். மனைவி பாட, இவர் வாசிப்பார். அந்த அம்மாவுக்குக் குரல் சன்னம். ஆனால் இவர் கூட வாசித்தால் அந்தக் குரல் மைக் இல்லாமலே கடைசி வரிசைவரை கேட்கும். அவருடைய கிடாரை லப்பைக்குடிக்காட்டு பாய் ஒருவர் வளைகுடாவிலிருந்து கொண்டுவந்து கொடுத்திருந்தார். பாய் வேலை செய்த வீட்டு வெள்ளைக்காரர் ஊரைவிட்டுப் போகும்போது விட்டுச் சென்ற பழைய சாமான். பெரிய கிடாரும் இல்லை, பிள்ளைகள் வாசிக்கும் சின்னதும் இல்லை. இரண்டுக்கும் நடுவான அளவு. “என்ன ஃபிட்டரே, வளந்துக்கிட்டு இருக்கும்போதே புடுங்கிட்டாங்களா?” என்று கேலி செய்வேன். “இதுக்கு மேல வளந்தா என் வூட்டுக்காரி குரலை முழுங்கிடுங்க முதலாளி” என்பார். அதையும் நான் கேலி என்றே எடுத்துக்கொண்டேன்.

ஒரு கத்திரி வெயில் காலத்தில் கிடாரின் முதுகில் விரிசல் விட்டது. என்னிடம் கொண்டுவந்தார். “இந்த விரிசலை மட்டும் ஒட்டிக் குடுங்க. வேற எதையும் தொடாதீங்க” என்றார். இரண்டு தடவை சொன்னார். எனக்கு இன்றும் காதில் இருக்கிறது.

முதுகு மகோகனி, கையில் வாங்கியதுமே சொல்லிவிட்டேன். ஆனால் முன்பக்கப் பலகை வெளிறிய, மெத்தென்ற, நேர்நேராக நெருங்கிய ரேகை ஓடும் மரம். என் தொழிலில் அப்படி வெளிறிய லேசான மரம் ஒன்றுதான்: மெஷின் வந்து இறங்குகிற பெட்டிகளுக்கு அடிக்கும் மட்டப் பலகை. யாரோ ஃபிட்டரை ஏமாற்றிவிட்டார்கள் என்று எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. பெயர் தெரியாத மரம் என்று ஒப்புக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை, அதுதான் உண்மை. போதாததற்கு, நடுத் துவாரத்துக்குப் பக்கத்தில், வாசிக்கும்போது சுண்டுவிரலை ஊன்றி ஊன்றி மரத்திலேயே ஒரு குழி விழுந்திருந்தது. நல்ல மனிதர், இப்படி ஒரு சாமானைத் தூக்கிக்கொண்டு அலைகிறாரே என்று, விரிசலை ஒட்டிய கையோடு பழைய பூச்சை எல்லாம் கண்ணாடிச் சில்லால் சுரண்டினேன். மரத்தூளும் வஜ்ஜிரப் பசையும் குழைத்து மக்கு வைத்துக் குழியை அடைத்தேன். பிறகு ஐந்து கோட்டு வார்னிஷ். ஆள் வைத்துச் செய்யவில்லை, என் கையாலேயே செய்தேன். தலை வாரினால் முகம் தெரியும், அப்படி ஒரு பளபளப்பு.

ஃபிட்டர் வந்தார். மடியில் வைத்துக் கட்டைவிரலால் ஒரு தடவை தந்திகளைத் தடவினார். மக்கு வைத்த இடத்தைச் சுண்டுவிரல் ஒரு நிமிஷம் தேடியது. “கண்ணாடி மாதிரி இருக்குங்க” என்றார். “இங்கயே இருக்கட்டும் முதலாளி, அப்புறமா எடுத்துக்குறேன்.”

அதை நான் பாராட்டு என்றே வைத்துக்கொண்டேன். ஆணி அடித்து மாட்டினேன். அவர் வரவேயில்லை, ஓய்வு பெற்றதும் சொந்த ஊரான ஆண்டிமடம் பக்கம் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். கட்டில் வாங்க வருகிறவர்களிடமெல்லாம் அந்தக் கிடாரைக் காட்டி, “அதுக்கே அந்த பாலீஷ்னா உங்க கட்டிலுக்கு எப்படி இருக்கும்னு பாத்துக்குங்க” என்பேன். அதைச் சொல்லி எத்தனை கட்டில் விற்றிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

போன வருடம் மருமகள் அதைப் போனில் படம் பிடித்துத் தேடிவிட்டு, “மாமா, இது பழைய காலத்து நல்ல கிடார் போலிருக்கு” என்றாள். விட்டால் நான் நானா? போனிடம் வாயால் கேட்டால் அதுவே பேசுகிறது. எழுதத் தெரிய வேண்டியதில்லை. ஒரு மாதம் கடையைக் கவனிக்கவில்லை. டார்ச்சும், பல் டாக்டரிடம் கேட்டு வாங்கிய குட்டிக் கண்ணாடியும் வைத்து, துவாரத்துக்குள்ளே எட்டிப் பார்த்தேன். பாதி கிழிந்த சீட்டு, கழுத்தின் அடிக்கட்டையில் குத்திய எண், பலகையின் உள்பக்கத்தில் விசிறி மாதிரி ஒட்டிய மெல்லிய சட்டங்கள். எல்லாவற்றையும் படம் பிடித்து, சென்னையில் பழைய கிடார் பழுது பார்க்கும் ஒருவருக்குப் போனில் அனுப்பினேன்.

அவர்தான் விளக்கினார். முன்பலகை பெட்டி மரம் இல்லை. பனி பெய்யும் தேசத்தில் மெதுவாக வளரும் மரம், கிடாருக்கென்றே பொறுக்கி எடுப்பது. அந்த நடு அளவும் குறை இல்லை, வேண்டுமென்றே செய்தது. பெரிய உடம்பு கிடாரின் அடித்தொனி பாடுகிறவரை மூடிவிடும். இது எந்தத் தந்தியையும் முந்தவிடாமல், குரலுக்கு இடம் விட்டுப் பேசும். முன்பலகை அதிர்ந்தால்தான் சத்தம். அதனால்தான் பூச்சு வெங்காயத் தோல் மாதிரி இருக்க வேண்டும்.

பிறகு வீடியோ காலில் கிடாரை உற்றுப் பார்த்து, “ஐயா, இதுக்கு யாரு இப்படி வார்னிஷ் அடிச்சது? கம்பளி போத்தி விட்ட மாதிரி இருக்கே” என்றார்.

“எவனோ ஒரு மடையன்” என்றேன். என் கைவேலையை என்னுடையது இல்லை என்று சொன்னது வாழ்நாளில் அந்த ஒரு தடவைதான்.

“நீங்களா எதையும் சுரண்டிடாதீங்க. யாரு கிடாரோ அவரைக் கேட்டுட்டு செய்யுங்க” என்றார். அது சுருக்கென்றது. அதைத்தானே ஃபிட்டரும் சொன்னார்.

மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாத வாய் என்னுடையது. ஆண்டிமடம் போய்ச் சேருகிறவரை காரில் ஒத்திகை பார்த்தேன். எதுவும் சரியாக வரவில்லை. அவர் கிடாரைத் திரும்ப வாங்குவாரா என்பதே தெரியவில்லை. முந்திரித் தோப்புக்கு நடுவே ஓட்டு வீடு. வாசலிலேயே அந்த அம்மா பார்த்துவிட்டார்.

“ஏங்க, இங்க வாங்க! கண்ணாடி முதலாளி வந்துருக்காரு!”

அந்த வீட்டில் எனக்கு இத்தனை வருடமாக அதுதான் பெயர் என்று அப்போதுதான் தெரிந்தது. ஃபிட்டர் நரைத்து, மெலிந்து, சிரித்துக்கொண்டே வந்தார். ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோய், “ஃபிட்டரே, உங்க கிடாரைக் கெடுத்துட்டேன்” என்றேன்.

“தெரியுங்க.”

“தெரிஞ்சா அன்னைக்கே ஏன் சொல்லல?”

“சொல்லியிருந்தா இன்னும் ரெண்டு கோட்டு அடிச்சிருப்பீங்க” என்றார் அந்த அம்மா உள்ளேயிருந்து.

ஃபிட்டர் சிரிக்கவில்லை. “வூட்டுக்குக் கொண்டாந்தா தெனம் பாக்கணும். பாத்தா உங்க மேல கோவம் வரும். ஆசையா செஞ்ச மனுஷன் மேல எத்தன நாளைக்குங்க கோவப்படுறது? அதான் உங்ககிட்டயே விட்டுட்டேன்.”

காரிலிருந்து கிடாரை எடுத்து வந்து அவர் மடியில் வைத்தேன். குனிந்து பார்க்காமலே அவருடைய சுண்டுவிரல் மக்கு வைத்த இடத்துக்குப் போய் நின்றது. நின்று, வழுக்கியது. மறுபடி வைத்தார், மறுபடி வழுக்கியது.

“இதை மட்டும் எடுக்க முடியுங்களா?”

“எடுக்கச் சொல்றீங்களா?” இரண்டு தடவை கேட்டேன். இரண்டு தடவையும் ஆமாம் என்றார்.

வெந்நீரும் துணியும் கேட்டேன். வார்னிஷைப் பிளேடு முனையால் வட்டமாகக் கீறி எடுத்துவிட்டு, ஈரத்துணியை ஒற்றி ஒற்றி வைத்தேன். வஜ்ஜிரம் சூட்டுக்கு இளகும். ஆயுசுக்கும் அசையாது என்று நான் பீற்றிய மக்கு, அரை மணி நேரத்தில் களி மாதிரி வந்துவிட்டது. அடியில் அந்தக் குழி அப்படியே இருந்தது. ஈரம் காயும்வரை டீ குடித்தோம்.

பிறகு அவர் விரலை ஊன்றி வாசித்தார். அந்த அம்மா அடுப்படியிலிருந்தே பாடினார். பழைய சத்தம் வரவில்லை என்பது எனக்கே தெரிந்தது. போர்வைக்குள்ளிருந்து பேசுகிற மாதிரிதான் இருந்தது. சென்னைக்கு அனுப்பி மிச்ச வார்னிஷையும் எடுக்கச் சொல்லவா என்று கேட்டேன்.

“வேணாங்க. எங்க ரெண்டு பேரு குரலும் இப்ப இப்படித்தான் இருக்கு. சரியா சேருது.”

கிடாரை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கலாம் என்று மருமகள் சொல்கிறாள், நான் விடவில்லை. கட்டில் பார்க்க வருகிறவர்கள் அந்த வெள்ளை இடத்தைக் காட்டி, “அங்க என்னங்க இருந்துச்சு?” என்று கேட்கிறார்கள்.

“இத்தன வருஷத் தொழில்ல நான் கெடுத்த ஒரே ஒரு சாமான்” என்று சொல்கிறேன்.