சாமி படத்துக்காக நான் அனுப்பிய வேண்டுகோள்

இணையத்திலுள்ள வீடியோக்களை இறக்கி வைத்துக்கொள்ள ஓர் இலவசக் கருவி உண்டு. பல நாட்டுக்காரர்கள் சம்பளமில்லாமல் சேர்ந்து செய்வது. பள்ளத்தூரில் எங்களோடு இருந்தபடியே கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் என் மகளும் அதில் இரண்டு வருடம் உழைத்து, திருத்தம் செய்யும் உரிமை வாங்கியிருந்தாள். எழுந்து நடக்க முடியாத என் மனைவிக்கு மாதா கோயில் ஞாயிறு பூசையை அதில்தான் இறக்கிக் கொடுப்பேன்.

அந்த வார வெள்ளிக்கிழமை, அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடும் அன்பியச் செபம் எங்கள் வீட்டில். முடிந்ததும் ஒரு புனிதரைப் பற்றிய புதுச் சினிமாவைப் போட்டுக் காட்டுவதாகச் சொல்லியிருந்தேன். செவ்வாய்க்கிழமை காலையில் அடுத்த தெரு டீச்சர் அந்தப் படத்தின் லிங்க் அனுப்பினார். கருவியோ அந்தத் தளத்தை ஏற்கவில்லை. மகள் குளிக்கப் போயிருந்தாள், லேப்டாப் திறந்திருந்தது. கருவியின் பக்கத்தில் வேண்டுகோள் எழுதுமிடம் எனக்குத் தெரியும். ‘இது சாமி படம். தயவுசெய்து இந்தத் தளத்தையும் சேர்க்கவும்’ என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

மகள் வந்து பார்த்தவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

“என்னப்பா செஞ்சு வச்சிருக்கீக? இது திருட்டு சைட்டுப்பா.”

“சாமி படந்தானே ஆத்தா. இதுல என்ன திருட்டு?”

“படம் எடுத்தவுகளக் கேக்காம அந்த சைட்டுக்காரன் போட்டுருக்கான்ல. அப்படி ஒரு சைட்டச் சேத்தாலும், திருடுறதுக்குன்னே செஞ்ச கருவின்னு படக்காரவுக நோட்டீஸ் விடுவாக. மொத்தத்தையும் பூட்டிருவாக. கோர்ட்டுக்கு அலைய எங்ககிட்ட யாரு இருக்கா? அப்புறம் அம்மாவுக்குப் பூசையும் கிடையாது. அதான் மொதல்லயே மாட்டோம்னு சொல்றது. நீங்க அத என் பேருலயே கேட்டிருக்கீக.”

“விட்டா உங்கப்பா போப்பாண்டவருக்கே மனுப் போடுவாக” என்றாள் மனைவி படுத்தபடியே. யாரும் சிரிக்கவில்லை.

எழுதியது தன் அப்பா என்று கருவியைச் செய்பவர்களுக்கு மகள் விளக்கம் அனுப்பினாள். மத்தியானம் பதில் வந்தது. வேண்டுகோளை மூடிவிட்டார்களாம், விசாரித்து முடிக்கும்வரை அவள் உரிமையை நிறுத்தி வைக்கிறார்களாம். கோபமில்லாமல்தான் எழுதியிருந்தார்கள். அதன்பிறகு அவள் போன் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவள் முகத்தையே பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை வரை ஒன்றும் வரவில்லை. செபத்தில் அவரவர் மன்றாட்டை வாய்விட்டுச் சொல்வது எங்கள் வழக்கம். என் முறை வந்தது. மகளின் உரிமை திரும்பக் கிடைக்க வேண்டும் என்று கேட்க, நான் செய்ததையும் சொல்லவேண்டியிருந்தது. சொன்னேன். இன்று படம் இல்லை என்பதையும் சொன்னேன்.

எல்லோரும் சேர்ந்து பதில் செபம் சொன்னார்கள். லிங்க் அனுப்பிய டீச்சர் மட்டும் கொஞ்சம் பிந்தி, தனியாகச் சொன்னார். மகள் மடியில் போனைக் கவிழ்த்து வைத்திருந்தாள்.