தண்ணீர் நிற்காத மேடு

மழை பெய்தால் புந்தோங்கில் எங்கள் வீட்டு வாசலில் தண்ணீர் நிற்கும். எனக்கு அது ஆகாது. மற்றவர்கள் கொடியில் கிடக்கும் துணியை எடுக்க ஓடுவார்கள். நான் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு வாசலில் இறங்கிவிடுவேன். மழை விடட்டும் என்று காத்திருக்கிற பொறுமையெல்லாம் என்னிடம் கிடையாது. கணுக்கால் தண்ணீரில் நின்றுகொண்டு அதைச் சாக்கடைப் பக்கம் தள்ளுவேன். அது திரும்பி வரும். மறுபடி தள்ளுவேன். எதிர்வீட்டுப் பெண் ஜன்னல் வழியாகக் கத்துவாள்.

"அக்கா, மழையவே கூட்டித் தள்றீங்களா லா?"

"ஆமா, ஒன் வீட்டுக்குத்தான் தள்றேன். பாத்திரம் இருந்தா வெச்சுப் புடிச்சுக்கோ!"

அவளுக்குச் சிரிப்பு. எனக்கு வீம்பு என்று தெருவில் எல்லோரும் நினைக்கிறார்கள். நினைத்துக்கொள்ளட்டும். தேங்கிய தண்ணீரைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு அடைக்கிறது என்பதை யாரிடம் போய்ச் சொல்ல? என் வீட்டுக்காரருக்கு மட்டும் தெரியும். அவர் உள்ளே உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டு, "காய்ச்ச வந்து படுக்கப் போற" என்பார். கூட்டாதே என்று ஒருநாளும் சொன்னதில்லை.

நாங்கள் முன்பு வேலை செய்த ரப்பர்த் தோட்டம் சிம்பாங் பூலாயைத் தாண்டி, ஆற்றை ஒட்டி இருந்தது. நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகள், லயங்கள், குன்றுச் சரிவில். அங்கே செம்மண், மழையில் வழுக்கும், வெயிலில் வெடிக்கும். ஆற்றுப் பக்கம் தரை இரண்டு தட்டாக இறங்கும். கீழ்த்தட்டில் வருடா வருடம் வெள்ளம் ஏறும். மேல்தட்டு என்பது ஆறு என்றைக்கோ கொண்டுவந்து போட்டுவிட்டு, தான் மட்டும் பள்ளத்துக்கு இறங்கிப் போய்விட்ட மண். வெள்ளம் அங்கே எட்டாது. இதெல்லாம் ஆண்கள் சொல்லக் கேட்டது. நான் பால்மரம் வெட்டியது குன்றின் மேலே. அந்த மேட்டில் என் கால் பட்டதே இல்லை.

என் முதல் பிள்ளை பெண். தோட்டத்து ஆஸ்பத்திரியில் பிறந்தாள், லயத்துக்கு வந்தாள், பேர் வைப்பதற்குள் காய்ச்சல் கண்டு போய்விட்டாள். பச்சைப் பிள்ளையை எரிப்பதில்லை, புதைப்பதுதான் எங்கள் வழக்கம். சடங்கு எதுவும் கிடையாது. பெரியவர்களுக்கு மறுநாள் போய்ப் பால் ஊற்றுவார்களே, அதுவும் கிடையாது. பொம்பளைகள் கூடப் போவதும் கிடையாது. விடிந்ததும் என் வீட்டுக்காரர் அவளை ஒரு பழைய வேட்டியில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனார். பின்னாலேயே இரண்டு மூன்று ஆண்கள் மண்வெட்டியோடு போனார்கள். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர்கள் பால்மரங்களுக்குள் நுழைந்த வரைக்கும்தான் எனக்குத் தெரியும்.

திரும்பி வந்து, குளித்து, வாசலில் உட்கார்ந்தார். நான் கேட்டேன்.

"எங்க வெச்சீங்க?"

"ஆத்து மேட்டுல. மேல்தட்டுல."

"எப்படி வெச்சீங்க?"

ஈரத் தலையைத் துண்டால் துவட்டினார். அப்புறம் சொன்னார்: "நல்ல மண்ணு. தண்ணி நிக்காது."

எனக்கு வந்ததே கோபம்! நான் பிள்ளையைக் கேட்கிறேன், இந்த மனுஷன் காணி வாங்கப் போன மாதிரி மண்ணைப் பற்றிச் சொல்கிறாரே என்று. கையில் இருந்த சொம்பைத் தூக்கி எறிந்தேன். அது உருண்டு போய் வடிகாலில் விழுந்தது. அவர் எழுந்து போய் எடுத்து, கழுவி, கொண்டுவந்து வைத்தார்.

அன்றைக்குச் சாயங்காலம் எனக்குப் பால் கட்டியது. குடிக்கப் பிள்ளை இல்லை என்று உடம்புக்கு யார் சொல்வது? பக்கத்து லயத்து அக்கா மல்லிகைப் பூவை அள்ளி மார்பில் வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டினாள். வற்றிவிடும் என்றாள். வற்றியது. அதிலிருந்து நான் தலையில் மல்லிகை வைப்பதில்லை. கல்யாண வீடுகளில் பூத்தட்டை நீட்டுவார்கள், "வேணாம்லா, தலவலி" என்று தள்ளிவிடுவேன்.

பிறகு மழைக்காலம் வந்தது. தகரக் கூரையில் கொட்டோ கொட்டென்று கொட்டியது. லயத்தைச் சுற்றிச் சேறு, கீழ்த்தட்டில் வெள்ளம், காலையில் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகிற வழியெல்லாம் தண்ணீர். ஐயோ, என் பிள்ளை இந்த ஈரத்தில் எப்படிக் கிடக்கிறாளோ என்று அழுகை முட்டிக்கொண்டு வந்தபோதுதான் அவர் சொன்னது நினைவுக்கு வந்தது. தண்ணி நிக்காது. சொம்பை எறிய வைத்த அதே பேச்சு. அதை வாய்க்குள்ளேயே திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். அந்த வருடம் நான் பைத்தியமாகாமல் இருந்ததற்குக் காரணம் அதுதான்.

அப்புறம் கேட்க ஆரம்பித்தேன். ஒரேயடியாக இல்லை. எப்போதாவது, அவர் சோறு தின்னும்போதோ, மோட்டாரில் பின்னால் உட்கார்ந்து போகும்போதோ.

"அந்த மண்ணு என்ன நிறம்?"

"பழுப்பு. தேத்தூள் நனைஞ்சா எப்படி இருக்கும், அப்படி."

"களியா?"

"இல்ல. கையில புடிச்சா உருண்டையா நிக்கும். விரலால தட்டுனா உதுந்துரும். கையில ஒட்டாது."

இன்னொரு தடவை கல் இருக்குமா என்று கேட்டேன். மேலே இருக்காது, இடுப்பளவு தோண்டினால் ஆற்றுக் கூழாங்கல் வரும், அதனால்தான் தண்ணீர் தேங்காமல் கீழே இறங்கிவிடுகிறது என்றார். மண்புழு இருக்குமா என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். "நல்ல மண்ணுன்னா இருக்கும்லா" என்றவர், தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். அன்றைக்கு அவருக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு.

கூட்டிக்கொண்டு போங்கள் என்று கேட்காத வருடம் இல்லை. முதலில் மாமியார் விடவில்லை. இனிமேல் பெற வேண்டியவள் அங்கெல்லாம் போகக்கூடாதாம். பெற்றேன், ஒரு மகன். அவன் இப்போது கமுந்திங்கில் பேக்டரி வேலை. அவன் வளர்வதற்குள் தோட்டம் கைமாறியது. பால்மரத்தையெல்லாம் சாய்த்து, எண்ணெய் எடுக்கிற செம்பனை போட்டார்கள். லயங்களை இடித்தார்கள். நாங்கள் புந்தோங்குக்கு வந்தோம். அவர் லாரி ஓட்டினார், நான் ஒரு சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவினேன். கேட்டால், "வழியில கேட்டு போட்டுட்டாங்க, காவலுக்கு நிக்கிற ஜாகா விடமாட்டான்," என்பார். இல்லையென்றால், "பாக்கலாம், பாக்கலாம்." அவருடைய 'பாக்கலாம்' நடப்பதற்குள் கேட்டவளுக்குப் பல்லே விழுந்துவிடும்.

புந்தோங் மண்ணைப் பற்றிக் கேட்காதீர்கள். ஒரு காலத்தில் ஈயம் தோண்டிய இடமாம். ஒரு பக்கம் வெள்ளை மணல், ஊற்றுகிற தண்ணீர் சல்லடையில் ஊற்றிய மாதிரி ஓடிவிடும், செடி கருகும். இன்னொரு பக்கம் களி, செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும், வேர் அழுகும். சிம்பாங் பூலாய் பக்கம் செடி விற்கிற கடைகளுக்குப் போனால், நான் பூவைப் பார்க்க மாட்டேன். மண் மூட்டைக்குள் விரலை விட்டுப் பார்ப்பேன். உருட்டிப் பார்ப்பேன், தட்டிப் பார்ப்பேன். கடைச் சீனர், "பெலி கா, தா பெலி?" என்று எரிந்து விழுவார். வாங்குகிறாயா இல்லையா என்கிறார். எங்கே வாங்க? ஒரு மண்ணும் அந்த மண் இல்லை. தொட்டே பார்க்காத மண்ணுக்காக இப்படி ஏங்குவார்களா என்று எனக்கே சிரிப்பு வரும்.

இந்த வருடம் ஒருநாள் பசாரில் பழைய தோட்டத்துக்காரி ஒருத்தியைப் பார்த்தேன். கத்திரிக்காய் பொறுக்கிக்கொண்டே சொன்னாள்: "தெரியுமா, செம்பனையும் கெழடாயிருச்சாம். எல்லாத்தையும் சாச்சு மறுநடவு பண்றாங்க. ஆத்தோரம் மெஷின் எறங்கிருச்சு."

மெஷின் என்றால் மண்ணைப் புரட்டும், மிதித்து இறுக்கும். எடுத்த கத்திரிக்காயைப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

"நாளைக்குப் போறோம்."

"எங்க?"

"ஒங்களுக்குத் தெரியும் எங்கன்னு."

"மழ வருது லா. வெயிலு அடிக்கிற நாளா பாத்து..."

"மழ வரதுனாலதான் போறோம். தண்ணி நிக்குதா நிக்கலையான்னு நான் கண்ணால பாக்கணும். மெஷின் ஏறுறதுக்குள்ள பாக்கணும். நீங்க வரலன்னா பஸ் ஏறி நானே போவேன்."

அவர் முகம் சுருங்கிப் போனது. முட்டிவலிதான் என்று நினைத்தேன்.

காலையில் எங்கள் தெருப் பால்காரரிடம் பசும்பால் வாங்கி, ஆறவைத்து, ஒரு போத்தலில் ஊற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டேன். அவரிடம் சொல்லவில்லை. மழை வெளுத்து வாங்கிவிட்டு ஓய்ந்த பிறகு மோட்டாரில் கிளம்பினோம். சிம்பாங் பூலாயில் சுண்ணாம்புக்கல் மலைகள் நனைந்து கறுத்து நின்றன. தோட்டத்துக் கேட்டில் ஒரு ஜாகா, நேப்பாளக்காரன். என்ன வேண்டும் என்று மலாயில் கேட்டான்.

"அனாக் சாயா அடா சினி," என்றேன். என் பிள்ளை இங்கே இருக்கிறாள்.

இங்கே வேலை செய்கிறாளா என்று கேட்டான். என் வீட்டுக்காரர் விளக்கம் சொல்ல வாயைத் திறந்தார். நான் முந்திக்கொண்டு ஆமாம் என்றேன். வழியை மறித்த கம்பைத் தூக்கிவிட்டான்.

உள்ளே போனோம். மெஷின் போன தடமெல்லாம் பள்ளம், பள்ளமெல்லாம் தண்ணீர், பால் தேத்தண்ணி நிறத்தில் நின்றுகொண்டிருந்தது. கால் புதைந்தது. நான் அங்கேயே நின்றுவிட்டேன்.

"இதானா தண்ணி நிக்காத மண்ணு?"

"இது கீழ்த்தட்டு. மேல ஏறணும்."

கையைப் பிடித்து ஏற்றிவிட்டார். மேலே மெஷின் இன்னும் வரவில்லை. செம்பனைகள் வரிசையாக நின்றன. நான் முதலில் பார்த்தது கால் வைத்த இடத்தைத்தான். ஈரம் இருந்தது, ஆனால் தண்ணீர் இல்லை. எங்கேயும் இல்லை. செருப்பில் ஒட்டக்கூட இல்லை. செருப்பைக் கழற்றினேன். உள்ளங்காலில் மண் மெத்தென்று இருந்தது. அம்மாடி, எனக்கு மூச்சு வந்தது.

"எந்த எடம்?"

"இங்கதான்."

"இங்கதான்னா எங்க?"

அவர் ஒரு வரிசையைப் பார்த்தார், அடுத்த வரிசையைப் பார்த்தார். கொஞ்ச தூரம் நடந்து போய்த் திரும்பி வந்தார். ஒரு செம்பனையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எனக்குத் தெரியாது."

"மறந்துட்டீங்களா?"

"மறக்கல. பாக்கல. கையில இருந்து வாங்கிக்கிட்டாங்க. திரும்பிப் பாக்காம போடான்னாங்க. வழக்கம் அதான. போயி, மரத்துக்கு அந்தாண்ட நின்னுட்டேன். குழி வெட்டுன பெரியவருதான் கைய ஒதறிக்கிட்டு வந்து சொன்னாரு, நல்ல மண்ணுடா, தண்ணி நிக்காது, கவலப்படாதன்னு."

"அப்ப அந்த நெறம்? கூழாங்கல்லு?"

"நீ கேட்டுக்கிட்டே இருந்தியே. நான் போயி அவரக் கேப்பேன். அவரு செத்ததுக்கு அப்புறம் கேட்டதுக்கெல்லாம்..." செம்பனைப் பட்டையை நகத்தால் சுரண்டினார். "நானா சொன்னதுதான்."

"அடப்பாவி மனுஷா!" என்று கத்தினேன். இன்னும் என்னென்னவோ கத்தினேன். இந்த ஆள் பார்த்திருக்கிறார், எனக்குப் பதிலாக இவர் கண்ணாவது பார்த்திருக்கிறது என்று நம்பித்தானே இத்தனை வருடம் ஓட்டினேன். கத்திக் கத்தித் தொண்டை வறண்டபோதுதான் உறைத்தது. எனக்காவது அந்த வார்த்தையைச் சொல்ல இவர் இருந்தார். இவருக்கு யார் இருந்தார்கள்?

அப்படியே தரையில் உட்கார்ந்தேன். உதிர்ந்து கிடந்த செம்பனை மட்டையை ஒதுக்கிவிட்டு விரலால் தோண்டினேன். நகம் நோகாமல் விட்டுக்கொடுத்தது. நனைந்த தேத்தூள் நிறம். பிடித்தேன், உருண்டையாக நின்றது. தட்டினேன், உதிர்ந்தது. உள்ளங்கை சுத்தமாக இருந்தது. தோண்டிய இடத்தில் ஒரு மண்புழு நெளிந்து உள்ளே போனது.

"நீங்க சொன்னது சரிதான். புழு இருக்கு. வாங்க, பாருங்க."

அவர் வரவில்லை. "பயமா இருக்கு," என்றார். லாரி ஓட்டி உலகத்தைச் சுற்றிய மனுஷன், சின்னப்பிள்ளை மாதிரி சொன்னார்.

"நம்ம மண்ணுதான். வாங்க."

முட்டியைப் பிடித்துக்கொண்டு மெல்ல வந்து உட்கார்ந்தார். கையை எடுத்து நானே மண்ணில் வைத்தேன். அவர் விரல்கள் முதலில் விறைத்துக்கொண்டு இருந்தன. அப்புறம் ஒரு பிடி அள்ளினார்.

பையிலிருந்து போத்தலை எடுத்து மூடியைத் திறந்தேன். என்ன என்று அவர் கேட்கவில்லை. தோண்டிய இடத்தில் சாய்த்தேன். மளமளவென்று கொட்டிவிட்டது. வெள்ளையாக ஒரு கணம் நின்றது. பார்க்கப் பார்க்க உள்ளே இறங்கிப் போனது. மறுபடி சாய்க்கப் போனபோது அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"மெதுவா ஊத்து," என்றார். "பொறையேறிடப் போவுது."

நான் மெதுவாக ஊற்றினேன்.